நான் படிக்காமல் விட்ட வரி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1997 ஜூலையில் ஒரு மீனவர் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, இறந்துபோன தன் மனைவி தாயம்மாவின் மருத்துவக் கோப்பைப் படித்துக் காட்டச் சொன்னார். படித்துக் காட்டினேன், ஒரு வரியைத் தவிர. அந்த வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் துரைராஜ். அசோக் நகரில் குடியிருக்கிறேன். தூய வெரோனிக்கா பல்கலைக்கழக மருத்துவமனையில், ஆவணப் பிரிவில் இருபத்தைந்து வருடம் எழுத்தராக இருந்தேன். (வெரோனிக்கா என்பது நான் வைத்த பெயர். அப்படி ஒரு பல்கலைக்கழகத்தைச் சென்னையில் தேடாதீர்கள். மயிலாப்பூருக்கும் அடையாற்றுக்கும் நடுவில் எங்கோ ஒரு பெரிய வளாகம். ஒரு பக்கம் மருத்துவக் கல்லூரி, மறுபக்கம் மருத்துவமனை, இரண்டுக்கும் இடையில் ஒரு சிற்றாலயம். அவ்வளவு நினைத்துக்கொண்டால் போதும்.)

ஓய்வு பெற்ற பிறகு இரண்டு சிறுகதைத் தொகுப்புகள் போட்டேன். இரண்டிலும் மருத்துவமனை என்ற சொல்லே வராது.

இதற்கு மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

"தாயம்மாவின் இதயத்தில் ஒரு கடல் இருந்தது." அவர் கடற்கரைக்காரர் என்பதால் எழுதியது. அடித்துவிட்டேன். அவருடைய இதயத்தில் இருந்தது சுருங்கிப்போன ஒரு வால்வு.

"1995ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் இருபதாம் தேதி திங்கட்கிழமை." இது கதை மாதிரி இல்லை, கோப்பு மாதிரி இருக்கிறது.

"நான் ஒரு கோழை என்பதை" — இதை முடிக்கவில்லை. இப்படித் தொடங்குகிற கதையில் வாசகர் என்னைத்தான் பார்ப்பார். தாயம்மா ஓரத்துக்குப் போய்விடுவார்.

ஆகவே அவரிடமிருந்தே தொடங்குகிறேன்.

2

மருத்துவம் படிக்கிற பிள்ளைகளுக்குக் கடைசி வருடத் தேர்வு காகிதத்தில் மட்டும் முடிவதில்லை. ஒரு நோயாளியை முன்னால் படுக்க வைத்து, இவருக்கு என்ன, கண்டுபிடித்துச் சொல் என்பார்கள். அதற்கு, நோயின் அடையாளம் தெளிவாகத் தெரிகிற நோயாளிகள் வேண்டும். அப்படிப்பட்ட நாற்பது பேரின் பெயர், விலாசம் என்னிடம் இருக்கும். தேர்வுக்கு முன்னால் ஆளுக்கொரு தபால் கார்டு எழுதிப் போடுவது என் வேலை. என் கதை ஒன்று அச்சில் வருவதற்குப் பல வருடம் முன்பே என் எழுத்து நொச்சிக்குப்பம் வரை போய்ச் சேர்ந்தது இப்படித்தான்.

நொச்சிக்குப்பத்தில் சாலை ஓரமாக மீன் விற்பவர் தாயம்மா. 1995இல் முப்பத்தாறு வயது. சிறு வயதில் வந்த ஒரு காய்ச்சல் இதயத்தில் ஒரு வால்வைச் சுருக்கிவிட்டது. கூடையைத் தூக்கிக்கொண்டு பத்தடி நடந்தால் மூச்சு வாங்கும். அவரை இடது பக்கமாகத் திரும்பிப் படுக்கச் சொல்லி, மார்பில் ஸ்டெதாஸ்கோப் வைத்தால், தூரத்தில் லாரி போகிற மாதிரி ஒரு உறுமல் கேட்கும்.* அதை முர்மர் என்பார்கள். புத்தகத்தில் எழுதியிருப்பது போலவே இருக்கும் என்று டாக்டர்கள் சொல்வார்கள். 1989இலிருந்து ஒவ்வொரு தேர்வுக்கும் வந்தார்.

நாலைந்து வருடத்தில் அவருக்கே எல்லாம் தெரிந்துபோயிற்று. கை நடுங்குகிற பையன் யாராவது வந்தால் குரலைத் தாழ்த்திச் சொல்வார்:

"இன்னா நைனா, தட்டைய வச்சிகினு கீறே? அதுல கேக்காது. திருப்பி மணிய வையி. இரு, நான் இந்தாண்ட திரும்பிக்கிறேன்."

என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கார்டு சார் என்பார்.

(* ஸ்டெதாஸ்கோப்புக்கு இரண்டு முகம். ஒன்று தட்டை, இன்னொன்று சின்னக் கிண்ணம், அதற்குத்தான் மணி என்று பெயர். தாழ்ந்த சத்தங்கள் மணியில்தான் கேட்கும். இதை எனக்குச் சொன்னவரும் தாயம்மாதான்.)

3

டாக்டர் சுந்தரராமனை எழுதுவதுதான் சிரமமாக இருக்கிறது.

முதல் வரைவில் அவருக்குத் தங்க பிரேம் கண்ணாடி போட்டேன். நோயாளிகளின் முகத்தைப் பார்க்காமல் பேச வைத்தேன். வாசித்துப் பார்த்த என் மனைவி, "சுந்தரராமன் சார் இப்படியா இருந்தார்?" என்று மட்டும் கேட்டாள். என் மாமனாரைப் பிழைக்க வைத்தவர் அவர்.

அவர் போட்டிருந்தது கறுப்பு பிரேம். காலையில் கபாலீஸ்வரர் கோயில் போய்விட்டு, நெற்றியில் விபூதியோடு ஏழரைக்கு வார்டுக்கு வந்துவிடுவார். மருத்துவப் பேராசிரியர், துறைத் தலைவர். தாயம்மாவை ஏழு வருடம் பார்த்தவர். மருந்துச் சீட்டைத் தமிழிலும் எழுதிக் கொடுப்பார். தொடை ரத்தக்குழாய் வழியாக ஒரு பலூனை இதயத்துக்குள் கொண்டுபோய், ஊதி, சுருங்கிய வால்வைத் திறக்கிற சிகிச்சை எங்கள் மருத்துவமனைக்கு வந்தபோது, முதல் பட்டியலிலேயே தாயம்மாவின் பெயரைச் சேர்த்தவரும் அவர்தான். மார்ச் 6, 1995 என்று தேதி குறித்தார்.

அவரைக் கெட்டவராக எழுதிவிட்டால் எனக்கு வேலை சுலபம். நான் அவருக்குப் பின்னால் நின்றுகொள்ளலாம்.

4

பிப்ரவரி 20. அவர் என் மேசைக்கே வந்தார். அப்படி வருகிறவர் இல்லை. ஆள் அனுப்பி எங்களைக் கூப்பிடுவார்.

"துரைராஜ், ஆறாம் தேதி தாயம்மாக்கு பலூன் இருக்கோல்லியோ?"

"இருக்குங்க சார். கார்டு எழுதி வச்சிருக்கேன். நாளைக்குப் போடணும்."

"பலூன் பண்ணிட்டா அந்த முர்மர் போயிடும்."

(முந்தைய வரைவில் இந்த இடத்தில் நான் ஒரு வசனம் பேசினேன்: "போகணும்னுதானே சார் பலூனே." நல்ல வசனம். ஆனால் நான் அதைப் பேசவில்லை.)

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு பேசினார்.

"யூனிவர்சிட்டி ஆனப்புறம் இதுதான் ஃபர்ஸ்ட் பேட்ச். வெளியிலேர்ந்து எக்ஸாமினர்லாம் வரா. அவளை மாதிரி ஒரு கேஸ் இன்னொண்ணு நம்மகிட்ட இல்லை. ஏழு வாரம்தானே. நன்னாத்தான் இருக்கா இப்போ."

"ஆமாங்க சார்."

"தள்ளிப் போட்டா, எக்ஸாமுக்கு வருவாளா?"

"கார்டு போட்டா வருவாங்க சார்."

இந்த உரையாடலில் என் பங்கு மூன்று பதில்கள். மூன்றாவதுதான் அவருக்குத் தேவைப்பட்டது.

கோப்பை எடுத்தேன். மார்ச் 6 என்ற தேதியைக் குறுக்கே கோடிட்டு அடித்தேன். கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினேன். தமிழில் இப்படி வரும்: சிகிச்சை தள்ளிவைக்கப்படுகிறது, தேர்வு முடிந்தபின் அழைக்கவும், புதிய தேதி ஏப்ரல் 24. எழுத்து என்னுடையது. பக்கத்தில் இரண்டெழுத்துச் சுருக்கொப்பம் அவருடையது.

பிறகு பழைய கார்டைக் கிழித்துவிட்டு வேறொன்று எழுதினேன். பலூன் சிகிச்சை ஏப்ரல் 24க்கு மாற்றப்பட்டுள்ளது. அதற்கு முன் ஏப்ரல் 11 அன்று காலை ஏழு மணிக்குத் தேர்வுக்காக வரவும். காரணம் எழுதவில்லை. கார்டில் இடம் இருந்தது.

5

காரணம் கேட்கத் தாயம்மாவே வந்தார். மார்ச் முதல் வாரம். மாடிப்படி ஏறி வந்த மூச்சு அடங்குகிறவரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கார்டு சார், இன்னாத்துக்குத் தள்ளி வச்சாங்க? அந்தாளு வேற ஒரு வாரத்துக்குக் கடலுக்குப் போவலன்னு சொல்லி வச்சிகினாரு."

எதிரே சிஸ்டர் பெனடிக்டா உட்கார்ந்து கோப்புகளுக்கு எண் போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் பிரிவின் பொறுப்பாளர். அவர் நிமிர்ந்து பார்க்கிறாரா என்று பார்த்தேன். பார்க்கவில்லை.

"மெஷின் ரிப்பேர்மா," என்றேன்.

"எப்ப சரியாவும்?"

"இருபத்துநாலாம் தேதிக்குள்ள ஆயிடும்."

"மெஷினுன்னா ரிப்பேரு ஆவும்தான்," என்று சொல்லிவிட்டு, ஈயத் தூக்கில் கொண்டுவந்திருந்த இறால் வறுவலை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம், நோன்பு. சிஸ்டர் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன்.

உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? "படிக்கிற புள்ளைங்களுக்குத்தான சார், ஏழு வாரம் போனா போவட்டும்" என்று சொல்லியிருக்கலாம். ஒரு வரைவில் அப்படியே சொல்ல வைத்தேன். அந்த வரைவை எழுதிய அன்று நிம்மதியாகத் தூங்கினேன். அதனாலேயே காலையில் அதன்மேல் சந்தேகம் வந்தது. அவரிடம் கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்கு எனக்கு வசதியான பதிலை அவர் வாயில் வைப்பது மறுபடியும் அதே காரியம். அடித்துவிட்டேன்.

6

ஏப்ரல் 11, செவ்வாய்க்கிழமை. சூசையப்பர் வார்டில் பத்துக் கட்டில், கட்டிலுக்கு ஒரு திரை. வந்த நோயாளிகளின் பெயரைக் குறித்துக்கொண்டு, இட்லிப் பொட்டலம் கொடுத்துவிட்டு, வாசலில் நிற்பது என் பொறுப்பு. தாயம்மா இட்லி சாப்பிடவில்லை. உதடு கொஞ்சம் நீலமாக இருந்தது. பவுடர் போட்டிருந்ததால் அப்படித் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டேன். (நினைத்துக்கொண்டேனா, இல்லை இப்போது எழுதும்போது நினைத்துக்கொள்கிறேனா? தெரியவில்லை. அப்படியே விட்டுவைக்கிறேன்.)

அவரைப் பரிசோதிக்க வந்த மாணவி விசாலாக்ஷி. மயிலாப்பூர் தெற்கு மாட வீதிப் பெண். ஒல்லியாக, எண்ணெய் வாரிப் பின்னலோடு. முக்கால் மணி நேரம் தாயம்மாவோடு இருந்தாள். பிறகு வெளியூர்ப் பரிசோதகர் திரைக்குள் போனார். நான் வெளியே நின்றேன்.

"சொல்லும்மா. டயக்னோஸிஸ்?"

"சார், அதுக்கு முன்னாடி ஒண்ணு. இவங்க நாடி இர்ரெகுலரா இருக்கு. போன வருஷ நோட்ஸ்ல அது இல்லை. இது புதுசு. உள்ளே ரத்தம் கட்டியாகி மூளைக்குப் போற சான்ஸ் இருக்கு. இன்னிக்கே அட்மிட் பண்ணணும் சார்."

"ட்ரீட்மெண்ட் அப்புறம் கேக்கறேன். முதல்ல டயக்னோஸிஸ் சொல்லு."

"சொல்றேன் சார். ஆனா இவா ஆத்துக்குப் போகப்படாது."

பயத்தில் வீட்டுப் பேச்சு வந்துவிட்டது. வார்டில் யாரோ சிரித்தார்கள். அடுத்த கட்டிலருகே இருந்த சுந்தரராமன் சிரிக்கவில்லை. திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். தாயம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி முழுதாக ஒரு நிமிடம் நின்றார்.

"தாயம்மா, இன்னிக்கு இங்கேயே படுத்துக்கோ," என்றார். வெளியே வந்து என்னிடம், "அட்மிஷன் போடு துரைராஜ்," என்றார். அடுத்த மாணவன் காத்திருந்தான். போய்விட்டார்.

தாழ்வாரத்தில் பெஞ்சில் உட்கார வைத்துப் படிவத்தை எடுத்தேன்.

"கார்டு சார், மெஷினு சரியாயிடுச்சா?"

"தேதி இருபத்துநாலுதானேம்மா."

"அப்ப இப்பவே படுத்துகினு இன்னாத்தப் பண்றது? வெள்ளிக்கிழம வருசப்பொறப்பு, வூட்ல பொண்ணு கீது. திங்கக்கிழம அவரையும் இட்டுகினு வந்து படுத்துக்கிறேன். டாக்டராண்ட நீயே சொல்லிடு."

அப்போது நான்

அப்போது நான், மெஷினுக்கு ஒன்றுமில்லையம்மா என்று

இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு எத்தனையோ வருடம் கிடைத்தது. முடியவில்லை. நடந்தது இது: சரிம்மா என்றேன். சேர மறுக்கிற நோயாளியிடம் கையெழுத்து வாங்க ஒரு படிவம் உண்டு. அதை நீட்டினேன். தாயம்மாவுக்குத் தன் பெயர் எழுதத் தெரியும். தா-வுக்குக் கால் போட்டு, நிதானமாக எழுதிக் கொடுத்தார். தேர்வு முடிந்து சுந்தரராமன் கேட்டபோது, "இருக்க மாட்டேன்னுட்டாங்க சார், திங்கக்கிழமை வர்றாங்களாம்," என்றேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நீ சொல்லப்படாதோ?" என்றார்.

விசாலாக்ஷி அந்தத் தேர்வில் முதலாவதாக வந்தாள்.

7

தாயம்மா சனிக்கிழமை காலை மீன் விற்கிற இடத்திலேயே விழுந்தார். ஒரு பக்கம் கையும் காலும் வரவில்லை. சின்னப்பையன், அவருடைய கணவர், ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்தார். மத்தியானம் மூன்று மணிக்கு இறந்துபோனார். மூளைக்குப் போன ரத்தக்கட்டி.

அந்த வருடம், இயேசு இறந்த நாளான பெரிய வெள்ளியும் தமிழ் வருடப் பிறப்பும் ஒரே நாளில் வந்தன. மறுநாள் சனி, இயேசு கல்லறையில் இருந்த நாள். அன்று காலையில் எங்கள் சிற்றாலயத்தில் பூசை கிடையாது. பீடத்தில் துணிகூட இருக்காது. இதைக் கற்பனையாக வைத்திருந்தால் அதிகப்படி என்று நானே வெட்டியிருப்பேன். நாள்காட்டி அப்படி விழுந்துவிட்டது.

மார்ச் ஆறாம் தேதி பலூன் வைத்திருந்தால் பிழைத்திருப்பாரா? பின்னால் வேறொரு டாக்டரிடம், யாரென்று சொல்லாமல் கேட்டேன். "சொல்ல முடியாது. பெரும்பாலும்," என்றார். பெரும்பாலும் என்ன என்று நான் கேட்கவில்லை.

ஈஸ்டர் முடிந்து திங்கட்கிழமை, கோப்பை மூடி அடுக்குவதற்காக எடுத்தேன். தேதியை அடித்து எழுதிய தாளில் கொஞ்ச நேரம் கை வைத்திருந்தேன். ஒரு இழுப்பில் வந்துவிடும். சிஸ்டர் பெனடிக்டா எதிரிலிருந்து சொன்னார்:

"அது அங்கேயே இருக்கட்டும் தொர."

"என்னது சிஸ்டர்?"

"மெஷின் ரிப்பேர் இல்லன்னு எனக்குத் தெரியும். அன்னைக்கு நானும் வாயத் தொறக்கல."

நவம்பரில், இறந்தவர்களுக்கான பூசையில் வாசிக்கிற பட்டியலில் தாயம்மாவின் பெயரும் இருந்தது. எழுதிக் கொடுத்தது நான் இல்லை.

சுந்தரராமன் அடுத்த வருடம் ஒரு சுற்றறிக்கை போட்டார்: தேர்வை முன்னிட்டு எந்த நோயாளியின் சிகிச்சைத் தேதியையும் மாற்றக் கூடாது. காரணம் எழுதவில்லை. ஓய்வு பெறுகிறவரை என்னிடம் தாயம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது அவர் இல்லை.

8

இனி 1997 ஜூலை.

சின்னப்பையன் காலை பத்து மணிக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்டது. மகள் மணிமொழி பள்ளிக்கூடத்தில் ஓடும்போது மயங்கி விழுந்துவிட்டாளாம். டாக்டர், அம்மாவுக்கு என்ன நோய் என்று தெரிய வேண்டும், விவரம் வாங்கி வா என்றாராம். (மகளுக்கு ஒன்றுமில்லை. சோகைதான். அதைப் பற்றிக் கவலைப்படாமல் மேலே படியுங்கள்.)

தேவையானதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவர் எழுந்துகொள்ளவில்லை.

"சார், இம்மாந்தண்டி கீதே, இதுல இன்னாதான் எழுதிக்கீது? எனுக்கு இங்கிலீசு வராது. படிச்சு சொல்றியா?"

சிஸ்டர் அன்று விடுப்பு. அறையில் நாங்கள் இருவர்தான்.

படித்தேன். 1988இல் முதன்முதலில் வந்தது. மருந்துகள். எக்ஸ்ரே. ஒவ்வொரு வருடமும் எடை. அவர் இரண்டு கையையும் தொடைமேல் வைத்துக்கொண்டு கேட்டார். "அந்த வருசந்தான் சார் மணிமொழி பொறந்திச்சு" என்று நடுவில் ஒருமுறை சொன்னார். 1995க்கு வந்தேன். மார்ச் 6, பலூன் சிகிச்சை என்று படித்தேன். அடுத்த வரியில் என் கையெழுத்து.

கண் அதைத் தாண்டிப் போயிற்று. நாக்கும் போயிற்று.

"ஏப்ரல் 11. நாடித் துடிப்பு சீராக இல்லை. உடனே சேர்க்கச் சொல்லி டாக்டர் உத்தரவு. நோயாளி சேர மறுத்துக் கையெழுத்து."

சின்னப்பையன் குனிந்து பார்த்தார். தாயம்மாவின் கையெழுத்து அவருக்கு அடையாளம் தெரிந்தது.

"அவளேதான் வாணாம்னு எழுதிக் குத்துக்கீறாளா?"

"ஆமா."

"டாக்டரு இருன்னு சொல்லியும்?"

"ஆமா."

"எங்கையில ஒரு வார்த்த சொல்லல சார். வருசப்பொறப்புக்குப் பாயசமெல்லாம் வச்சா." பிறகு, "இந்தப் பொம்பள இப்படிப் பண்ணிட்டாளே," என்றார். குரல் மாறியிருந்தது. இரண்டு வருடம் துக்கத்தோடு இருந்தவர், அன்று அவள்மேல் கோபத்தோடு படியிறங்கிப் போனார். அந்தக் கோபத்தை அவருக்குக் கொடுத்தவன் நான்.

மார்ச் 6க்கு ஏன் நடக்கவில்லை என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று எழுதலாம். எழுதவில்லை.

9

முடிவுகள்.

ஒன்று: நான் எழுந்து ஓடுகிறேன். பஸ் ஸ்டாப்பில் அவரைப் பிடித்து எல்லாவற்றையும் சொல்கிறேன். பஸ் வருகிறது, அவர் ஏறவில்லை. பத்திரிகை நண்பர் ஒருவருக்கு இது மிகவும் பிடித்தது.

இரண்டு: பல வருடம் கழித்து நொச்சிக்குப்பம் போகிறேன். அவர் வலை பின்னிக்கொண்டிருக்கிறார். கேட்டுவிட்டு, "வுடு சார்" என்கிறார். இதை எழுதி முடித்தபோது அழுதேன். எனக்காக அழுதேன் என்று பிறகுதான் தெரிந்தது.

மூன்று: அவர் என்னை அடிக்கிறார். இதுவும் எனக்கு ஆறுதலாக இருந்தது. ஆகவே இதுவும் வேண்டாம்.

நடந்தது: எதுவும் நடக்கவில்லை. நொச்சிக்குப்பம் போகக் கிளம்பி, 12பி பஸ்ஸில் இரண்டு முறை மயிலாப்பூர் வரை போய்த் திரும்பினேன்.

நீங்களே நேரில் போய்ச் சொல்லக்கூடாதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நான் மனிதர்களுக்கு எதிரே சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுகிறவன் என்பது இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். எழுதத்தான் தெரியும். எழுதிவிட்டேன்.

சின்னப்பையன் உயிரோடு இருந்தால் எழுபதைத் தாண்டியிருப்பார். மணிமொழிக்குப் படிக்கத் தெரியும். இந்தப் புத்தகம் அவள் கையில் போகுமா, யார் கொண்டுபோவார்கள், அவள் அப்பாவுக்குப் படித்துக் காட்டுவாளா, அதெல்லாம் இனி உங்கள் பக்கம். யாராவது படித்துக் காட்டினால், இந்த இடத்தை நிறுத்திப் படிக்கட்டும்:

மெஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை. தாயம்மா மறுக்கவும் இல்லை. நான் சொன்னதை நம்பினார்.

இதைக் கேட்டதும் சின்னப்பையன் ஏதாவது சொல்வார். இந்தக் கதையில் எல்லோருடைய பேச்சையும் நான்தான் எழுதினேன். இதை எழுத மாட்டேன். அவர் எதைத் தெரிந்துகொள்ளலாம், எதைத் தெரிந்துகொள்ள வேண்டாம் என்று ஒருமுறை நான் முடிவுசெய்தாகிவிட்டது.